பீப்பாய்க்குப் பின்னால் ஒருவன்: விதி எழுதுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒரு மரப் பீப்பாயால் என் நண்பன் இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்தான். நிஜப் பீப்பாய் இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் நான் வாயால் வர்ணித்த பீப்பாய். "கிடங்கில் நாலைந்து பெரிய பீப்பாய்கள் இருக்கின்றன" என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியம்தான்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. பலகை கிடையாது, அல்லது கட்டாயம் இல்லை. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்வார்கள். ஒருவர் மட்டும் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். உலகத்தை வர்ணிப்பது, எதிரிகளை ஆடுவது, தகராறு வந்தால் தீர்ப்பு சொல்வது எல்லாம் அவர் வேலை. முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில் பகடை. எந்த இடத்தில் எந்தப் பகடை, எவ்வளவு வந்தால் வெற்றி என்று சொல்ல ஒரு தடிமனான விதிநூல்.

அன்று டிஎம் நான். நண்பனுடைய பாத்திரம் ஒரு ரோக், அதாவது திருட்டுக் கில்லாடி. 14 மாதமாக வளர்த்த பாத்திரம், ஐந்தாவது லெவல். ரோக்குக்கு ஒரு விசேஷம் உண்டு: எதிரி பார்க்காத இடத்திலிருந்து அடித்தால் கூடுதல் சேதம். ஐந்தாவது லெவலில் மூன்று ஆறுமுகப் பகடை அளவுக்குக் கூடுதல். தாக்கிவிட்டு அதே சுற்றில் மறுபடி ஒளிந்துகொள்ளவும் முடியும். அவன் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்தான், எட்டிப் பார்த்து அம்பு விட்டான், மறுபடி ஒளிந்தான். ஒரு சுற்று என்பது 6 நொடி. மூன்றாவது தடவை நான் சொன்னேன்: "டேய், நீ எந்தப் பீப்பாய்க்குப் பின்னாடி இருக்கேன்னு அந்த ராட்சசனுக்குத் தெரியும். அங்கேயேதான் பார்த்துட்டு நிக்கறான். இதுக்கு மேல ஒளிய முடியாது." கூடுதல் சேதம் போச்சு, ராட்சசன் பிழைத்தான், அடுத்த அடியில் ரோக் செத்தான்.

"நீ ரூலை மாத்தலைடா, ஆட்டம் பாதியில இருக்கும்போது உலகத்தையே மாத்திட்ட" என்றான். அப்போது அது கோபத்தில் வந்த பேச்சு என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் சரியான விமர்சனம் அதுதான்.

சரி, விதிநூல் என்னதான் சொல்கிறது? நாங்கள் ஆடியது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. ஒளிந்துகொள்வதைப் பற்றிய விதி அதில் ஒரே இடத்தில் இல்லை. அதை ஒரு செயலாகச் செய்யலாம் என்பதும், பார்க்க முடியாத எதிரியை அடிப்பது பற்றிய விதியும் ஒன்பதாம் அத்தியாயத்தில். முக்கியமான விளக்கம் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக. வெளிச்சமும் மூடுபனியும் பார்வையை எப்படி மறைக்கும் என்பது எட்டாம் அத்தியாயத்தில். ரோக்கின் சலுகை மூன்றில். குட்டை உருவ ஹாஃப்ளிங்குகளில் ஒரு வகையினர் தங்களைவிடப் பெரிய ஆளுக்குப் பின்னால்கூட ஒளிய முயலலாம் என்கிற விதிவிலக்கு இரண்டாம் அத்தியாயத்தில். ஒரு ஃபங்ஷனை ஐந்து ஃபைல்களில் பிய்த்துப்போட்ட மாதிரி. கோட் ரிவ்யூவில் இப்படி வந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்தப் பெட்டிச் செய்தி முதல் அச்சில் சொன்னதன் சாரம்: உன்னைப் பார்க்க முடிகிற ஒருவனிடமிருந்து நீ ஒளிய முடியாது. நல்ல தெளிவான வாக்கியம் போலத்தான் தெரிகிறது. ஆனால் பீப்பாயிலிருந்து எட்டிப் பார்த்து அம்பு விடும் அந்த நொடியில் தலை தெரிகிறது, இல்லையா? அப்படியானால் எட்டிப் பார்த்தவுடன் ஒளிவு போச்சு, ரோக்கின் விசேஷமே செல்லாது. இதை உணர்ந்தோ என்னவோ, திருத்தப் பட்டியலில் மாற்றினார்கள். பார்க்க முடிகிறதா என்பதல்ல, தெளிவாகப் பார்க்க முடிகிறதா என்பதுதான் கேள்வி, எந்தச் சூழல் ஒளியத் தகுந்தது என்பதை டிஎம் முடிவு செய்வார் என்று ஆக்கினார்கள். ஒரே ஒரு வினையடை சேர்த்தார்கள். 'தெளிவாக' என்றால் என்ன என்று நூல் சொல்லவில்லை.

இங்கே இருவிதமான மங்கல் கலந்து கிடக்கிறது. இரண்டையும் நான் வெகுநாள் ஒன்றாகவே நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முதலாவது வெறும் எழுத்துக் குறை. அதே பதிப்பில் 'மெலீ வெப்பன் அட்டாக்' என்ற சொற்றொடர் வரும். 'மெலீ வெப்பனால் செய்யும் அட்டாக்' என்பதும் வரும். சாதாரண ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று. ஆட்டத்தில் வேறு வேறு. வெறுங்கையால் குத்துவது முதல் வகையில் சேரும், இரண்டாவதில் சேராது. கத்தியைத் தூக்கி எறிந்தால் அது மெலீ வெப்பனால் செய்த அட்டாக், ஆனால் மெலீ வெப்பன் அட்டாக் இல்லை. பள்ளியில் தொகைநிலைத் தொடர் படித்தவர்களுக்கு இந்த வியாதி பழக்கமானதுதான். 'தங்கப் பெட்டி' என்றால் தங்கத்தால் ஆன பெட்டியா, தங்கம் வைக்கும் பெட்டியா? உருபு மறைந்துவிட்டது, விரித்தால்தான் தெரியும். விதிநூல் ஆசிரியர்கள் 'மெலீ' என்ற சொல்லை 'அட்டாக்'கோடு சேர்த்து விரித்தார்கள், வாசகர்கள் 'வெப்பன்'னோடு சேர்த்து விரித்தார்கள். தலைமை வடிவமைப்பாளர்களில் ஒருவரான ஜெரமி கிராஃபர்ட் இதை வருஷக்கணக்காக விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பதிப்பு பேச்சு வழக்கு நடையில், புதியவர்களுக்குப் புரியும்படி எழுதப்பட்டது என்று பெயர் வாங்கியது. என் குற்றச்சாட்டே அதில்தான். பேச்சு நடை மாதிரி வேஷம் போட்டு உள்ளே கலைச்சொல்லை ஒளித்துவைத்தால் வாசகன் அது கலைச்சொல் என்று எப்படிக் கண்டுபிடிப்பான்? ஒரு முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டிருந்தால்கூடப் போதும்.

இந்த வகைக் குறையைச் சரிசெய்ய முடியும். மாயமாக மறைந்திருக்கும் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 நூலில் அதற்கு இரண்டு தனித்தனி வரிகள். கண்ணுக்குத் தெரியமாட்டாய் என்பது ஒன்று. உன்னை அடிப்பது கடினம், நீ அடிப்பது சுலபம் என்பது மற்றொன்று. மறைந்தவரைப் பார்க்க வைக்கும் மந்திரம் போட்டவனுக்கு முதல் வரி செல்லாது, ஆனால் இரண்டாவது வரி அப்படியே நிற்கிறது! கண் எதிரே தெரிகிறவனை அடிக்கவும் தடுமாற்றமாம். எழுத்துப்படி அதுதான் சரி என்று அதிகாரபூர்வமாகவே சொன்னார்கள். 2024 பதிப்பில், உன்னைப் பார்க்க முடிகிறவனிடம் இந்தச் சலுகை செல்லாது என்று சேர்த்தார்கள். முடிந்தது. பக் ஃபிக்ஸ்.

இரண்டாவது மங்கல் இப்படித் தீராது. அதைத் தீர்க்க நானே முயன்று பார்த்தேன்.

நண்பன் பேசாமல் இருந்த அந்த இரண்டு மாதத்தில், ஒளிந்துகொள்வதற்கு மட்டும் 11 பக்க ஆவணம் எழுதினேன். குற்ற உணர்ச்சிதான், வேறென்ன. ஃப்ளோசார்ட் உண்டு. வெளிச்சத்துக்கு மூன்று நிலை, தூரத்துக்கு நான்கு, உடம்பில் எத்தனை சதவீதம் மறைந்திருக்கிறது என்பதற்கு நான்கு, எதிரியின் கவனத்துக்கு மூன்று. பெருக்கினால் 144 நிலைமைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை. இணையத் தரநிலைகளில் 'கட்டாயம்', 'நலம்', 'விருப்பம்' என்ற மூன்று வகை வினைகளுக்குத் துல்லியமான பொருள் கொடுக்கும் ஆர்எஃப்சி 2119 என்று 1997-இல் வந்த ஒரு ஆவணம் உண்டு, அதையும் பின்பற்றினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

முதல் ஆட்டத்திலேயே, குழுவில் வயதில் சின்னவன் கேட்டான்: "அண்ணே, நான் அந்த ஆட்டு மந்தைக்குள்ள ஒளிஞ்சுக்கறேன்." ஆடு எத்தனை சதவீதம் மறைக்கும்? "எந்த ஆடு?" என்று கேட்டேன். "ஆடு நகந்துட்டா?" என்று இன்னொருத்தர். "நான் ஒரு ஆட்டைப் பிடிச்சு வச்சுக்கறேன்." "பிடிச்சா அது கத்தும்ல?" பத்து நிமிஷம் மேசை முழுக்கச் சிரிப்பு. கடைசியில் நான் ஆவணத்தை மூடிவைத்துவிட்டு, "சரி, பகடையைப் போடு" என்றேன். 144 நிலைமைகளில் ஒரு ஆடு இல்லை.

சட்டவியல் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எச்.எல்.ஏ. ஹார்ட் 1958-இல் ஒரு உதாரணம் கொடுத்தார்: பூங்காவுக்குள் வாகனம் கூடாது என்று ஒரு விதி. கார் கூடாது, சந்தேகமில்லை. சைக்கிள்? பொம்மைக் கார்? எந்தச் சொல்லுக்கும் உறுதியான நடுப்பகுதி உண்டு, அதைச் சுற்றி ஒரு அரைநிழலும் உண்டு என்றார். அவருக்கு மறுப்பு எழுதிய லான் ஃபுல்லர், போரில் ஓடிய ஒரு லாரியை நினைவுச் சின்னமாகப் பீடத்தில் ஏற்றினால் அது வாகனமா என்று கேட்டார். எங்கள் மேசை ஆட்டின் பெரியப்பா அந்த லாரி.

ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் இந்தப் பிரச்சினை இல்லை என்பதுதான் சுவாரசியம். மேஜிக் த கேதரிங் என்ற சீட்டாட்டத்துக்கு 200 பக்கங்களைத் தாண்டும் முழு விதித் தொகுப்பு இருக்கிறது. அதன் விதிகள் எவ்வளவு இயந்திரத்தனமானவை என்றால், சீட்டுகளை வைத்தே ஒரு டூரிங் இயந்திரத்தைக் கட்டலாம் என்று 2019-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அங்கே ஒரு அணில் பிராணிச் சீட்டின் கையில் பெரிய வாளைக் கொடுக்கலாம். அணில் எப்படி வாளைத் தூக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அணிலுக்குச் சீட்டுக்கு வெளியே வாழ்க்கை கிடையாது. விதிநூலில் இருப்பதுதான் உலகம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஒருமுறை அந்த வழியில் போய்ப் பார்த்தது. 2008-இல் வந்த நான்காம் பதிப்பு. ஒவ்வொரு திறனும் ஒரே அச்சில் வார்த்த பெட்டி: இலக்கு, தூரம், பகடை, விளைவு, குறிச்சொற்கள். ஒரு ப்ரோகிராமரின் கண்ணுக்கு அழகான நூல், இன்னமும் எனக்கு அதன்மேல் பாசம் உண்டு. அதில் எதிரியைக் கீழே தள்ளும் திறன் வந்தால், எதிரி கூழ் மாதிரி ஊரும் பிராணியாக இருந்தாலும் தள்ளலாம். காலே இல்லாத கூழ் எப்படி 'விழும்'? விதி தெளிவு, உலகம் குழப்பம். ஆட்டக்காரர்களில் பலர் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அவர்களைக் குறைசொல்ல முடியாது. பீப்பாய்க்குப் பின்னால் ஒளியும்போது அவர்கள் மனதில் ஓடுவது குறிச்சொல் இல்லை, பீப்பாய்.

இது இந்த ஆட்டத்தின் பரம்பரை வியாதி. 1824-இல் பிரஷ்ய ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி ஒரு போர்ப் பயிற்சி விளையாட்டை வெளியிட்டார். வரைபடம், பகடை, சேத அட்டவணைகள், நடுவில் ஒரு மத்தியஸ்தர். அடுத்த 50 ஆண்டுகளில் விதி பெருத்துப்போய் ஆட்டம் நகரவே மாட்டேன் என்றது. மெக்கெல் என்பவர் 1873-இல் இதைக் குறைசொன்னார். 1876-இல் ஃபெர்டி து வெர்ன்வா அட்டவணைகளைத் தூக்கிப் போடுங்கள், அனுபவமுள்ள மத்தியஸ்தரின் தீர்ப்பே போதும் என்றார். விதியா, தீர்ப்பா என்ற சண்டை டிராகன் வருவதற்கு நூறு வருஷம் முன்பே நடந்து முடிந்துவிட்டது. முடியவில்லை என்றும் சொல்லலாம்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் கொண்டுவந்த முதல் பதிப்பு மூன்று சின்னப் புத்தகம். சண்டைக்கு கைகாக்ஸின் முந்தைய செயின்மெய்ல் விதிநூலைப் பார், காட்டுப் பயணத்துக்கு வேறொரு கம்பெனியின் பலகை ஆட்டத்தை வாங்கு என்று அது சொன்னது. எல்ஃப் பாத்திரம் வீரனாகவும் மந்திரவாதியாகவும் மாறி மாறி இருக்கலாம் என்றது. எப்படி என்று சொல்லவில்லை. இந்தக் குழப்பம் பொறுக்காமல் அடுத்த வருஷமே கென் செயின்ட் ஆண்ட்ரே, டன்னல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் எழுதினார். ஸ்டீவ் பெரின் சண்டை விதிகளை ஒழுங்குபடுத்தப் போய் அது 1978-இல் ரூன்க்வெஸ்டில் போய் நின்றது. மோசமாக எழுதின நூல் ஒரு துறையையே பெற்றெடுத்தது என்று நக்கலாகச் சொல்வார்கள். எனக்கு இந்த நக்கலில் முழுச் சம்மதம் இல்லை. புரியாமல் மூடிவைத்துவிட்டுப் போனவர்கள் கணக்கில் வருவதில்லை.

அப்படியானால் மங்கல் தவிர்க்க முடியாதது, டிஎம் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட வேண்டியதுதானா? இந்தப் பதிலைத்தான் பல விமர்சனங்களில் பார்க்கிறேன். எனக்கு இது ஏமாற்று வேலையாகப் படுகிறது.

சி மொழியின் தரநிலையைப் பாருங்கள். 1989-இல் முதல் தரநிலை வந்தபோதே, எல்லாவற்றையும் வரையறுக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் வரையறுக்காமல் விட்டதை வகை பிரித்தார்கள். கம்பைலர் எழுதுகிறவர் முடிவுசெய்து, அந்த முடிவை எழுதியும் வைக்க வேண்டும் என்பது ஒரு வகை. ஒரு முழு எண் எத்தனை பிட் என்பது இதில் வரும். பல வழிகளில் எது வேண்டுமானாலும் நடக்கலாம், எது என்று சொல்லத் தேவையில்லை என்பது இன்னொன்று. ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளில் எதை முதலில் கணக்கிடுவது என்பது அப்படி. மூன்றாவது, அந்தப் பக்கமே போகாதே, போனால் எந்த உத்தரவாதமும் இல்லை என்பது. மூன்றும் திறந்த வெளிதான். ஆனால் ஒவ்வொன்றிலும் போர்டு நட்டு வைத்திருக்கிறார்கள், முடிவு யார் கையில் என்று.

2024-இன் ஒளிவு விதியை இந்தக் கண்ணோடு படித்தால் ஏமாற்றம் புரியும். இப்போது எல்லாம் நூலின் கடைசியில் விதி அகராதியாக அழகாகத் தொகுத்திருக்கிறார்கள். முக்கால்வாசியாவது மறைப்பு வேண்டும், அல்லது கும்மிருட்டு மாதிரி பார்வை முழுக்க மறையும் இடம் வேண்டும். எதிரியின் பார்வைக் கோட்டில் இருக்கக் கூடாது. பகடையில் 15 வேண்டும். வென்றால் மாயமாக மறைந்தவனுக்குரிய அதே நிலை உனக்கு வரும். கிசுகிசுப்பைவிடச் சத்தமாக ஒலி எழுப்பினால், தாக்கினால், வாயால் மந்திரம் சொன்னால், அல்லது எதிரி உன்னைக் கண்டுபிடித்தால் அது போய்விடும். பார்த்தால் முழு அல்காரிதம். சரி, சுவருக்குப் பின்னால் ஒளிந்து வென்றுவிட்டேன், இப்போது வெளியே வந்து பட்டப்பகலில் காவலாளியின் மூக்குக்கு முன்னால் நடக்கிறேன். அவன் என்னைக் 'கண்டுபிடித்தானா'? அகராதி காட்டும் வழி காவலாளி ஒரு பகடை போட்டு வெல்வது. அவன் இன்னும் போடவில்லை. அப்படியானால் எழுத்துப்படி நான் மறைந்தே இருக்கிறேன். கண் இருக்கிற யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒளியத் தகுந்த சூழலா என்பதை டிஎம் முடிவு செய்வார் என்ற வாக்கியம் இந்தப் பதிப்பிலும் இருக்கிறது. எங்கே? முதல் அத்தியாயத்தில். அகராதியில் அந்தப் பதிவைப் படிப்பவர் அதுவே முழு விதி என்று நம்புவார். போர்டு இருக்கிறது, வேறு தெருவில்.

மாற்று வழி இருக்கிறது என்பதற்கு ஜான் ஹார்ப்பர் எழுதிய ப்ளேட்ஸ் இன் த டார்க், 2017, நல்ல சாட்சி. அதில் பாத்திரம் ஒரு ஆபத்தான காரியம் செய்யும்போது எந்தத் திறனைப் பயன்படுத்துவது என்பது ஆட்டக்காரரின் உரிமை. நிலைமை எவ்வளவு ஆபத்து, பலன் எவ்வளவு கிடைக்கும் என்பதை நடுவர் சொல்ல வேண்டும், அதுவும் பகடை விழுவதற்கு முன்பே, வாய்விட்டு. ஆபத்துக்கு மூன்று நிலை, பலனுக்கு மூன்று நிலை, அவ்வளவுதான். 'தெளிவாகப் பார்த்தல்' என்றால் என்ன என்று அந்த நூலும் சொல்லவில்லை. ஆனால் யார் எப்போது சொல்ல வேண்டும் என்று சொல்கிறது. பீப்பாய் மூன்றாவது தடவை உதவாது என்றால், "இப்ப இது ரொம்ப ஆபத்து, பலனும் கம்மி, இருந்தும் செய்யறியா?" என்று நடுவர் கேட்டாக வேண்டும். ஆட்டக்காரர் வேண்டாம் என்று ஓடிப்போகலாம். இந்த நூலிலும் குறை உண்டு. புதியவர்களுக்கு இந்தப் பேரம் இழுவையாக இருக்கும், எங்கள் குழுவில் இருவருக்குப் பிடிக்கவே இல்லை. அது வேறு பதிவுக்கான விஷயம்.

திரும்ப அந்தக் கிடங்குக்கு வருகிறேன். என் தீர்ப்பு தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. ஒரே பீப்பாயை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பவனை மூன்றாவது முறை ஏமாற்ற முடியாதுதான். ஆனால் அதை அவன் அம்பை எடுத்து, பகடையைக் கையில் உருட்டிய பிறகு சொன்னேன். அதற்கு முந்தைய இரண்டு சுற்றிலும், பீப்பாய் எத்தனை தடவை தாங்கும் என்று நான் ஒரு முடிவும் எடுத்திருக்கவில்லை. என்னிடம் முடிவு இல்லை என்று அவனுக்கும் தெரியாது. விதிநூலில் பதில் இருக்கிறது என்றுதான் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவன் பரண் மேல் ஏறியிருப்பான். பரண் இருக்கிறது என்று வர்ணித்திருந்தேன்.

நண்பன் திரும்பி வந்துவிட்டான். ரோக் எடுக்கவில்லை, ஒளியவே தேவையில்லாத, இரும்புக் கவசம் போட்ட பூசாரி ஒருவனை எடுத்திருக்கிறான். 11 பக்க ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படித்தான். கடைசிப் பக்கத்தின் கீழே பென்சிலால் ஒரு வரி எழுதித் திருப்பித் தந்தான்: "ஆடு?"